நாலு சில்லு கேட்ட அக்கா

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது எங்கள் அலுவலக லொறியின் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஒரு பிஸ்கட் தகரத்தின் மூடி. அதை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு பெரிய ஓட்டையும் சுற்றிவர ஆறு சிறிய ஓட்டைகளும் போட்டிருந்தது. அந்தத் தகட்டைச் சில்லின் நட்டுகளுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

சுனாமியாகக் கடல் வந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மட்டக்களப்பில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சிறிய நிவாரண அலுவலகத்தில் எனக்குப் போக்குவரத்துப் பொறுப்பு. எந்த வாகனம் எந்த முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது என்று காலையில் பலகையில் எழுதுவேன். மாலையில் அது ஏன் போகவில்லை என்று மேலிடத்துக்குச் சொல்வேன். களவு போவதற்கு எங்களிடம் அதிகம் இல்லை என்றாலும், முன்பின் தெரியாத ஒரு பெண் லொறிக்கு அடியில் குந்தியிருந்தால் கேட்கத்தானே வேண்டும்?

"அக்கா, என்ன செய்றீங்க?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி." தகட்டை இன்னொரு முறை திருப்பினார். பிறகு பெருமூச்சுவிட்டு எழுந்தார். "ஓட்டை ஆறுதான். ஆனா வட்டம் பெரிசு. சரிவராது."

"சரிவந்திருந்தா?"

"உங்களிட்டக் கேட்டிருப்பன்."

"கேட்டா நாங்க சில்லைக் கழட்டித் தருவமா அக்கா?"

"இல்ல எண்டு நீங்க சொல்லுங்க. உங்கட வேலையையும் நான் ஏன் செய்யணும்?"

அன்று தொடங்கிய பழக்கம். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்காமல் எதையும் எடுப்பது அவருக்குப் பிடிக்காது.

சொந்த ஊர் பழுகாமம். வாவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில். அவரும் கணவரும் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் வைத்திருந்தார்கள். பார்வைக்குச் சாதாரணப் பிக்கப்தான். ஆனால் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு சில்லு. போகம் வெட்டும் காலத்தில் வயல் வட்டைகளிலிருந்து நெல் மூட்டைகளை ஆலைக்கு ஏற்றும். மற்ற நாட்களில் வாகரைப் பக்கம் போய்க் கருவாடு ஏற்றிவரும். இரட்டைச் சில்லு என்பதால் சேற்றிலும் மணலிலும் மூட்டை மூட்டையாகச் சுமக்கும் என்று வெல்லாவெளி வரைக்கும் அதற்கு நல்ல பெயர்.

கடல் வந்த காலை அந்தப் பிக்கப் வாகரைக் கரையில் நின்றது. கருவாட்டுக்காரர் மூட்டை கட்டி முடிக்கட்டும் என்று கணவர் வண்டியை விட்டுவிட்டு, கரையிலிருந்து தள்ளி உள்ளே தெரிந்த ஒருவர் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். அந்தத் தேத்தண்ணிதான் அவரைக் காப்பாற்றியது. வண்டியைத் தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய் அரை மைல் தள்ளி ஒரு கண்டல் மரப் பற்றைக்குள் குப்புறப் போட்டது. அக்கா மூன்று நாள் முகாம் முகாமாகப் போய், கண்ணில் பட்ட ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி, "நெடுவலா, கதைக்காத ஒரு மனிசனக் கண்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டே கணவரைக் கண்டுபிடித்தார். எண்ணிக்கொண்டுவந்தால் நூற்றுப் பத்தாவது ஆளோ என்னவோ, "ஓம், ஒரு ஆள் அங்கால ஆலமரத்துக்குக் கீழ சும்மா இருக்கார்" என்று கை காட்டினாராம்.

அக்கா சொன்ன அடையாளம் பிசகில்லாதது. கணவரை நான் அண்ணன் என்பேன்; அவர் கதைக்கமாட்டார். ஊமை இல்லை, கோபக்காரரும் இல்லை. வாயைத் திறப்பதற்கு வெட்கம். கடையில் வெற்றிலை வேண்டுமென்றால் விரலால் காட்டுவார். அவருக்கும் சேர்த்து அக்கா கதைத்தார், அவ்வளவுதான்.

அண்ணனுக்குக் கை வேலை தெரியும். உழவு இயந்திரம் பிடித்து வண்டியை இழுத்து வந்து, அதன் இயந்திரத்தைப் பிரித்து, நல்ல தண்ணீரிலும் டீசலிலும் கழுவி, ஒரு மாதத்தில் உறும வைத்துவிட்டார். சில்லுகளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறில் இரண்டைக் காணவே இல்லை. இரண்டில் நட்டுப் பூட்டும் ஓட்டைகளின் ஓரத்தை உப்புத் தின்றிருந்தது. நட்டை இறுக்கியதும் ரிம் நூல் மாதிரி வெடித்தது. மிஞ்சியது இரண்டு. நாலு வேண்டும்.

புதிதாக வாங்கலாம்தானே என்று நானும் கேட்டேன். அந்த மாதிரிப் பிக்கப் நாட்டுக்கு வந்தது சில வருடங்கள்தானாம். பிறகு வரவில்லை. கடைக்காரர்கள் வேறு வண்டியின் ரிம்மை எடுத்து நீட்டினார்கள். ஒன்றில் ஓட்டை ஐந்து. ஒன்றில் ஆறு, ஆனால் வட்டம் பெரிது. ஒன்றில் வட்டம் சரி, நடுத்துவாரம் சிறிது. எல்லாம் சரியாக வந்த ஒன்றில் ரிம்மின் குழிவு போதாது. குழிவு போதாவிட்டால் பின்னால் சோடியாக நிற்கும் இரண்டு டயரும் ஒன்றோடொன்று முட்டும்.

"முட்டினாச் சூடேறும் தம்பி. சூடேறினா வெடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல என்ட ரெண்டு விரல் போகோணும்," என்று அக்கா எனக்கு விளக்கினார். மூன்று மாதத்துக்கு முன்னர் அவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் கேட்டுக் கேட்டுப் பிடித்தது. அந்தத் தகட்டை அண்ணன்தான் தங்கள் வண்டியின் அச்சில் வைத்துத் தட்டி அளவெடுத்து வெட்டிக் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகு அந்தத் தகடு இல்லாமல் அக்காவை யாரும் கண்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில், கோயில் வீதியில், சந்தையில், இரட்டைச் சில்லு எங்கே நின்றாலும் அவர் அங்கே குந்திவிடுவார். ஒரு செத்த வீட்டில் பிரேதம் எடுக்கும் நேரம் அவரைக் காணவில்லை. தேடினால் கதிரை ஏற்றிவந்த லொறிக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது. அண்ணன் தோள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு பந்தலின் மறுபக்கம் போய்விட்டார்.

குருமண்வெளித் துறையில் ஒரு நாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். வாவியில் வாகனங்களை ஏற்றிக் கடத்துகிற இரும்பு மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்பார்கள். வீதியில் நிறுத்தினால் சாரதிமார் கத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், பாதையில் ஏறிய வண்டி எங்கே போகும் என்று அக்கா யோசித்திருக்கிறார். காலையிலிருந்து மாலைவரை அக்கரைக்கும் இக்கரைக்கும் பாதையிலேயே போய்வந்தார். வண்டி ஏறினதும் சாரதியிடம் "மகன், ஒருக்கா அளந்து பாக்கட்டா?" என்று கேட்பார். தண்ணீருக்கு நடுவில் என்ன சொல்வது? எல்லோரும் தலையாட்டினார்கள். மத்தியானத்துக்குள் பாதைக்காரரே புதிதாக ஏறுகிற ஆட்களிடம், "அக்காக்குச் சில்லக் காட்டிட்டு மற்றக் கதையக் கதையுங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அன்று ஒன்றும் பொருந்தவில்லை. மூன்று பேர் பழைய வண்டி நிற்கிற வீட்டு விலாசம் தந்தார்கள், ஒருவர் ஒரு பை நிறைய மாங்காய் தந்தார்.

"எத்தனை பிள்ளைகள்?" என்று அந்தப் பயணத்தில் ஒரு கிழவி அவரைக் கேட்டாராம்.

"பிள்ளைகள் இல்ல. உங்களிட்ட மிச்சமா இருந்தாத் தாறீங்களா?"

கிழவி சிரித்ததில் வெற்றிலைச்சாறு முழுக்க வாவிக்குள் போனதாம்.

ஓட்டமாவடியில் பழைய வாகன உதிரிகள் விற்கிற ஒருவர் இருந்தார். அந்தப் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் அழைப்போம். அந்தக் காக்காவின் கடை வளவுக்கு அக்கா கிழமைக்கு ஒரு தடவை போனார். ஒரு முறை அவரும் அண்ணனும் எங்கள் லொறியில் வந்ததால் நானும் கூட இருந்தேன். காக்கா எங்களைக் கண்டதும், "வாங்க, வாங்க. இண்டைக்கு ஒங்கட கரைச்சல முடிச்சித்தாறன்" என்று இரண்டு ரிம்மை உருட்டிக்கொண்டு வந்தார். தகடு ஆறு ஓட்டையிலும் அச்சொட்டாகப் பொருந்தியது. நடுத்துவாரமும் சரி. எனக்கே உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது. அண்ணன் மட்டும் ரிம்மின் குழிவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கொஞ்சம்தான் கொறயும்," என்றார் காக்கா. "நடுவுல ஒரு தட்டு வெச்சிப் பூட்டினாச் சரி. எத்தின பேர் அப்பிடி ஓடுறாங்க!"

அக்கா காக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். "காக்கா, ஒண்டு கேக்கட்டா? இந்தச் சில்லப் பூட்டி, பின்னால உங்கட பிள்ளைகள ஏத்தி, வாகரை மட்டும் ஓட்டுவீங்களா?"

காக்கா தாடியைத் தடவினார். ரிம்மைப் பார்த்தார். பிறகு எழுந்து இரண்டையும் வந்த வழியே உருட்டிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஓட்டமாட்டன் தங்கச்சி. நீங்க இப்பிடிக் கேட்டா நான் எப்பிடி யாவாரம் செய்யிற?" என்றார். கடைசியில் அவரே சொன்னார்: "ஒங்கட மாதிரி வண்டி ஒண்டு இரிக்கி. அச்சொட்டா அதேதான். நான் கண்ணாலக் கண்ட. ஆனா அது கெடக்கிற எடத்துல நீங்க கேக்கேலாது."

"எங்க கிடக்கு?"

"வாகரைக்குப் போற வழியில, ஆமிட கடைசிச் சாவடியில. மண்மூட்டைக்குக் கீழ."

அந்தச் சாவடியைத் தினமும் கடந்தவன் நான். அங்கே மண்மூட்டைச் சுவருக்கு அண்டையாக ஏதோ ஒரு துருப்பிடித்த வாகனம் நின்றது தெரியும். என்ன வாகனம் என்று பார்க்கத் தோன்றியதே இல்லை. சாவடியில் எவன் அக்கம்பக்கம் பார்ப்பான்? அடுத்த நாள் அக்கா எங்கள் தண்ணீர் லொறியில் ஏறிவந்து, அடையாள அட்டையைக் காட்டும்போதே எட்டிப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினார். அந்த வாகனத்தின் முன்பக்கம் கல்லில் நின்றது. பின்பக்கம் மூட்டைகளின் பாரத்தோடு நாலு சில்லில் நின்றது.

அவருக்குச் சிங்களத்தில் ஒரு பத்துச் சொல் தெரியும். அதில் நாலைச் செலவழித்தார். காவலுக்கு நின்ற பையனிடம், "மல்லி, ரோத ஹதரக் தெனவாத?" என்றார். தம்பி, நாலு சில்லுத் தருவியா?

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பிஸ்ஸுத அம்மே?" என்றான். பைத்தியமா அம்மா?

எங்கள் சாரதி லொறியைக் கிளப்பிய வேகத்தில் தண்ணீர்த் தாங்கி குலுங்கியது. நான் அக்காவிடம் இனிமேல் இதைச் செய்யாதீர்கள் என்றேன், கோபமாகத்தான் சொன்னேன். "ஓம் தம்பி" என்றார். அடுத்த கிழமை மறுபடியும் வந்து, மறுபடியும் கேட்டார். அதற்கடுத்த கிழமையும். சிப்பாய்கள் தகட்டை வாங்கிச் சோதித்தார்கள். ஒருவன் அதை முகத்துக்கு நேரே பிடித்து நடு ஓட்டை வழியாக மற்றவனைப் பார்த்துப் பல்லிளித்தான். இடியப்பத் தட்டா என்று ஒருவன் கேட்டான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, சத்தம் கேட்டு ஓர் இளம் அதிகாரி வெளியே வந்தார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் நடுவில் நான் மாட்டினேன்.

"இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும்?"

"அந்த வண்டியின் சில்லுகள், சேர்."

"அவற்றைக் கழற்றினால் என் மதில் விழுந்துவிடும் என்று சொல்."

சொன்னேன். அக்கா அதற்குக் காத்திருந்தவர் மாதிரி, "ஓடாத வண்டிக்கு நல்ல சில்லு என்னத்துக்கு எண்டு கேளுங்க தம்பி. சும்மா நிக்கிறதுக்குப் பக்கத்துக்கு ஒண்டு போதும். என்னட்ட வெடிச்ச சில்லு ரெண்டு கிடக்கு. அத வெச்சிட்டு இந்த நாலையும் நான் எடுக்கட்டா எண்டு கேளுங்க" என்றார். கேட்டுவிட்டு நிற்கவில்லை. அதிகாரி பதில் சொல்லுமுன் குந்தி, தகட்டைச் சில்லில் வைத்துக் காட்டினார். ஆறு ஓட்டையும் ஆறு நட்டிலும் போய் உட்கார்ந்தன.

அதிகாரி குனிந்து பார்த்தார். "எனக்குத் தந்த சப்பாத்துக்கூட இப்படிப் பொருந்தவில்லை," என்றார். அதைக் கேட்டு நான் சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார்.

அவர் சொன்னபடி இரண்டு நாள் கழித்து, வெடித்த சில்லுகளுடன் அண்ணனையும் கூட்டிப்போனோம். சிப்பாய்கள் மண்மூட்டைகளை இறக்கி ஜக்கைப் போட்டார்கள். வலப்பக்கச் சில்லுகள் கழன்றன. இடப்பக்கத்தில் ஒரு வாட்டசாட்டமான சிப்பாய் நட்டுச் சாவியில் ஏறி நின்று மிதித்தும் நட்டு அசையவில்லை. இன்னும் மிதித்திருந்தால் முறிந்திருக்கும். அண்ணன் போய் அவன் தோளில் மெதுவாகத் தட்டி, சாவியை வாங்கி, ஆணியின் நுனியில் மங்கலாகப் பொறித்திருந்த ஒரு எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தக் காலத்து வண்டிகளில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். சாவியை மறுபக்கம் திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம், நட்டு கையோடு வந்துவிட்டது. சிப்பாய்கள் கைதட்டினார்கள். அண்ணன் வெட்கத்தில் சில்லுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வீட்டில் பூட்டி முடித்ததும் அக்கா இரண்டு டயருக்கும் நடுவில் கையை விட்டார். இரண்டு விரல் இல்லை, மூன்று விரல் போனது.

மறு கிழமையே அந்தப் பிக்கப் எங்கள் பலகையில் ஏறியது. ஆயிரம் லீற்றர்த் தாங்கியுடன் வாகரைக் கூடாரங்களுக்குத் தண்ணீர். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அண்ணன் ஓட்டுவார், அக்கா பக்கத்தில். கூடாரங்களில் தண்ணீர் இறக்கும் நேரத்தில் ஒவ்வொரு பெண்ணிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு, அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்து அதையெல்லாம் என்னிடம் கேட்பார். பால்மா, பாய், கண்ணாடி, ஒருத்திக்குத் தையல் ஊசி. எனக்கு அவரைக் கண்டாலே எழுதுகோலைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

ஆனால் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு உலகம் என்றால், அந்தப் பக்கம் இன்னொன்று. ஒரு நாள் அங்கால் இயக்க ஆட்கள் வண்டியை மறித்து, "சாவடிக்காரன் உங்களுக்கு என்னத்துக்குச் சில்லுத் தந்தவன்? அவனுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?" என்று விசாரித்தார்கள்.

"கேட்டன், தந்தான். நீங்களும் தாறதெண்டாக் கேக்கிறன். மேலதிகமா ஒரு சில்லு எனக்கு இன்னும் தேவைதான்," என்றாராம் அக்கா.

அவர்கள் சிரிக்கவில்லை. தாங்கியை இறக்கிவிட்டு வண்டியோடு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் காலை அக்கா அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். நடந்ததைச் சொன்னார். நான் எழுதுகோலை எடுத்துவைத்துக் காத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. "என்ட வாயாலதான் தம்பி," என்று மட்டும் சொன்னார். அவரை அப்படிப் பார்த்தது எனக்குப் பயமாக இருந்தது. நான் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

அவர் தனியாகவே போய்விட்டார். அண்ணனை வைத்திருந்த வளவுக்கு முன்னால் மூன்று நாள் இருந்திருக்கிறார். பிறகு அவரே சொன்னார்: "ஒரே கேள்விதான் கேட்டன். எப்ப விடுவீங்க? காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா. வேற ஒரு சொல்லுக் கதைக்கல்ல." நாலாம் நாள் அண்ணனை வண்டியோடு விட்டார்கள். அடி இல்லை, ஆனால் முகம் வாடியிருந்தது. "கேட்டதுக்கு வாயத் திறந்திருந்தா முதல் நாளே விட்டிருப்பாங்களாம். இந்த மனிசன் வாயத் திறந்தாத்தானே!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடியுமுன் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அண்ணன் குனிந்து டயரில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சண்டை தொடங்கியது. வாகரை வீதி மூடப்பட்டது. மாதக்கணக்கில் உள்ளே அகப்பட்டிருந்த சனம் ஒரு நாள் கூட்டம் கூட்டமாக வெளியே நடந்து வரத் தொடங்கியது. அந்தக் கடைசிச் சாவடியில் நாங்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நின்றோம். நடக்க முடிந்தவர்கள் வந்துவிட்டார்கள். முடியாதவர்கள் இரண்டு மைலுக்கு அப்பால் வீதியோரம் இருக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு வண்டி, ஒரே ஒரு நடை போய்வரலாம் என்று அனுமதி கிடைத்தது. மணலும் குழியுமான அந்த வீதியில் பாரத்தோடு போய்வரக்கூடிய வண்டி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

அண்ணனோடும் அக்காவோடும் நானும் போனேன். பிக்கப்பின் பின்னால் நின்றேன். எங்கோ விழுகிற ஷெல் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. வீதியோரத்தில் கிழவர்கள், காயப்பட்டவர்கள், பச்சைக் குழந்தையோடு ஒரு பெண். தூக்கித் தூக்கி ஏற்றினோம். திரும்பும் வழியில் ஒரு ஷெல் பனைகளுக்குள் விழுந்து மண் எங்கள் மேல் கொட்டியது. ஏற்றியவர்களை எண்ணினால் முப்பத்துநாலு. ஆனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரை அங்கேயே விட்டு வந்திருந்தோம். இடமில்லை. வருகிறோம் என்று அக்கா அவர்களிடம் சொல்லியிருந்தார்.

சாவடியில் இரண்டாம் நடைக்கு விடவில்லை. அக்கா இறங்கிக் கேட்கப் போனார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அவ்வளவு நேரமும் புகைக்குள் கத்தி ஆட்களை அழைத்ததில் தொண்டை அடைத்துப்போயிருந்தது. கையை ஆட்டினார். சிப்பாய் தலையசைத்து மறுத்தான். பழைய அதிகாரி எப்போதோ மாறிப் போயிருந்தார்.

அப்போது சாரதிக் கதவு திறந்தது. அண்ணன் இறங்கி வந்தார். துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஐயா," என்றார். மெல்லிய, கரகரத்த குரல். இரண்டு வருடப் பழக்கத்தில் நான் அதை முதன்முறையாகக் கேட்டேன். "இன்னும் பன்ரெண்டு பேர் இரிக்காங்க. ஒரு புள்ளத்தாச்சி. நாங்க வாறம் எண்டு சொல்லிட்டு வந்த. விடுங்க ஐயா." எனக்கு மொழிபெயர்க்கவும் மறந்துவிட்டது. அவர் தமிழிலேயே திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். அந்தச் சிப்பாய்க்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, தடையைத் தூக்கிவிட்டான்.

இருவரும் வண்டியில் ஏறினார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வந்தவர்களின் பெயர்களை எழுத வேண்டும் என்று கையிலிருந்த கொப்பியைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். பிக்கப் போனது.

ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தது. பின்பக்கம் ஒரு டயர் வெடித்துக் கந்தலாகியிருந்தது, சோடியிலிருந்த மற்றது பாரத்தைச் சுமந்துகொண்டு வந்திருந்தது. பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். பிள்ளைத்தாச்சியை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பன்னிரண்டு பெயரையும் வடிவான கையெழுத்தில் எழுதினேன்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிறகு பழுகாமத்துக்குப் போனேன். அதற்குள் நான் கொழும்பில் வேறு வேலைக்கு மாறியிருந்தேன். பிக்கப்பை அம்பாறைப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம். வளவில் ஒரு சிறிய உழவு இயந்திரம் நின்றது. அண்ணன் என்னைக் கண்டதும் சிரித்து, கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, கொல்லைப் பக்கம் போனார். அக்காவுக்கு முன்தலை நரைத்திருந்தது. கலியாணம் முடித்தீங்களா, எத்தனை பிள்ளைகள், சம்பளம் காணுமா, ஏன் மெலிஞ்சிட்டீங்க என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நானும் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இன்னும் ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க அக்கா."

"அண்டைக்கு ரெண்டாம் நடைக்கு நீங்க ஏன் ஏறல்ல?"

குரலில் குற்றம் இல்லை. உப்புப் போதுமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. பெயர்ப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டியலுக்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"பயம் அக்கா," என்றேன்.

"ஓம்," என்றார். "எனக்கும் பயம்தான். இவர் ரெண்டு தரம் பிழையான கியரப் போட்டவர். நீங்க மட்டும் நல்ல தெம்பா எழுதிக்கொண்டு நிண்டீங்க. அதான் இவ்வளவு நாளும் கேக்கணும் கேக்கணும் எண்டு இருந்தன், பயம் எங்களுக்கு மட்டும்தானோ எண்டு."

எழுந்து குசினிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் சோற்றுத் தட்டும் பொரித்த மீனும் இருந்தன. பசிக்குதா, சாப்பிடுறீங்களா என்று ஒன்றும் கேட்கவில்லை. என் முன்னால் வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் எடுக்கப் போனார்.